சீழ்க்கட்டியும் கேட்காத மாத்திரையும்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி சுற்றுவட்டாரத்திலிருந்து சீழ் சோதனைக்கு வருகிறவர்கள் லேப் கவுண்டரில் நின்று கேட்கும் கேள்விகள் இவை. நான் டாக்டர் இல்லை, கிருமி வளர்க்கும் தட்டுகளைப் பார்க்கிற டெக்னீஷியன். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை டாக்டரிடம் கேளுங்கள். கிருமி என்ன செய்கிறது, ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்பதை என்னிடம் கேட்கலாம்.

ரிப்போர்ட்ல எம்.ஆர்.எஸ்.ஏ.ன்னு போட்டிருக்கு. இது என்ன புது நோயா?

நோய் பழையதுதான். சீழ்க்கட்டி, நகச்சுத்து, கண்கட்டி, பிளவை, சொறிந்த சிரங்கில் வைக்கும் சீழ் என்று நம் ஊரில் தனித்தனிப் பெயர் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றின் பின்னால் இருப்பது ஒரே கிருமி: ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். லேபில் 'ஸ்டாஃப்' என்போம். 1880இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் நோயாளியின் சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து இதை அடையாளம் கண்டார். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே பத்தில் மூன்று பேருக்கு மூக்குக்குள் இது சும்மா குடியிருக்கும். தோலில் ஒரு கீறல் கிடைக்கும்வரை தொந்தரவு கிடையாது.

எம்.ஆர்.எஸ்.ஏ. என்பதும் இதே கிருமிதான், மருந்துக்கு மசியாத ரகம். 'மெத்திசிலின் ரெசிஸ்டன்ட் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்', அதாவது மெத்திசிலின் என்ற மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டாஃப் என்பதன் சுருக்கம். 1940களில் பென்சிலின் புழக்கத்துக்கு வந்த சில வருஷங்களிலேயே ஸ்டாஃப் அதைச் சிதைக்கக் கற்றுக்கொண்டது. அதற்கு மாற்றாக 1959-60 வாக்கில் மெத்திசிலின் வந்தது. 1961இலேயே பிரிட்டனில் மெத்திசிலினுக்கும் கட்டுப்படாத ஸ்டாஃப் பதிவாகிவிட்டது. கிருமியின் உடம்பில் இந்த மருந்துகள் போய் ஒட்டுகிற புரதம் ஒன்று உண்டு. மெக்-ஏ என்ற மரபணு கிடைத்த கிருமி, மருந்து ஒட்ட முடியாத வேறொரு புரதத்தை வைத்துச் சுவரைக் கட்டிக்கொள்கிறது. அதனால் தோற்பது மெத்திசிலின் மட்டும் இல்லை. அமாக்சிசிலின், அதோடு கிளாவுலனேட் சேர்ந்த மாத்திரை, செஃபாலெக்சின், செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் ஊசி என்று அந்தக் குடும்பமே ஏறத்தாழ முழுசாகத் தோற்கிறது.

எங்க ஊர்ல ஒழுங்கா ஒரு கிளினிக்கூட இல்லை. ஆஸ்பத்திரிக் கிருமி இங்கே எப்படி வந்துச்சு?

முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்பு டாக்டர்களும் இதை ஆஸ்பத்திரிக் கிருமி என்றுதான் நினைத்திருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவில், நகரத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் பூர்வகுடி மக்களிடம் இது தென்பட்டது. 1997க்கும் 1999க்கும் இடையில் அமெரிக்காவின் மின்னசோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களில் நான்கு குழந்தைகள் இதனால் இறந்தார்கள். கிராமத்துக் குழந்தைகளும் அதில் உண்டு. அவர்கள் யாரும் அதற்கு முன் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தவர்கள் இல்லை. ஆஸ்பத்திரிக்குள் சுற்றும் ரகம் வேறு, ஊருக்குள் சுற்றும் ரகம் வேறு என்பது அதற்கப்புறம்தான் தெளிவானது. ஊர் ரகத்தில் பெரும்பாலும் வெள்ளை அணுக்களைக் கொல்லும் ஒரு நஞ்சு இருக்கும். அதனால்தான் திடகாத்திரமான இளவட்டங்களுக்கும் திடீரென்று பெரிய பெரிய கட்டியாக வருகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். மதுரையில் ஆபரேஷன் முடித்து வீடு திரும்பியவர், திருப்பூர் கம்பெனி ஹாஸ்டலில் இருந்து பொங்கலுக்கு வரும் பிள்ளை, கல்யாணத்துக்கு வந்து இறங்கும் வெளிநாட்டுச் சொந்தம் என்று போக்குவரத்து இல்லாத ஊர் எது? கிருமிக்கு டவுன் பஸ்ஸும் தெரியும், சிங்கப்பூர் விமானமும் தெரியும். வந்த கிருமி நிலைப்பது ஏன் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. சளிக்கும் சுளுக்குக்கும் ஆன்டிபயாடிக் விழுங்கும் ஊரில் மருந்துக்குச் சாகிற ஸ்டாஃப் செத்துப்போகும், சாகாதது இடம் பிடித்துக்கொள்ளும்.

2008, 2009ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் 15 பெரிய மருத்துவமனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அங்கே கிடைத்த ஸ்டாஃபில் ஏறக்குறைய 40 விழுக்காடு எம்.ஆர்.எஸ்.ஏ. அது பெரிய ஆஸ்பத்திரிக் கணக்கு, அப்படியே கிராமத்துக்கு எடுத்துப் பொருத்தக் கூடாது. ஆனால் "நமக்கெல்லாம் அது வராது" என்று சொல்ல இடம் கொடுக்கிற கணக்கும் இல்லை.

கோடையில கட்டி வர்றது சூட்டினாலயா? மாம்பழம் சாப்பிட்டதாலயா?

மாம்பழத்தின் மேல் அந்தப் பழி வேண்டாம். சித்திரை வைகாசியில் வியர்க்கிறது, வேர்க்குரு அரிக்கிறது, நகத்தால் சொறிகிறோம், மூக்கிலும் நகத்திலும் இருந்த ஸ்டாஃப் உள்ளே போகிறது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் ஒரு வருஷத்துக்குள் திரும்பத் திரும்பக் கட்டி வருகிறவர்கள் ஒருமுறை சர்க்கரை பார்த்துவிட வேண்டும். சுகர் இருப்பதே கட்டியால் தெரியவந்தவர்கள் இங்கே நிறைய.

கட்டி வந்ததும் முதல்ல என்ன செய்யணும்?

கைவைத்தியத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, விளக்கில் வாட்டி, பொறுக்கிற சூட்டில் வைத்துக் கட்டுவதில் தப்பில்லை. அதில் வேலை செய்வது சூடு. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பத்துப் பதினைந்து நிமிஷம், தினம் மூன்று நான்கு தடவை ஒற்றினாலும் அதே பலன். சுகர்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி மரத்திருந்தால் அவர்களுக்குச் சூடு வைக்கவே கூடாது, வெந்துபோவது தெரியாது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடும் பத்து, காய்ந்ததும் தோலை இழுத்து எரிக்கும். எருக்கம்பால் தோலையே புண்ணாக்கும். இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள்.

பிதுக்கக் கூடாது, முள்ளாலும் ஊக்காலும் குத்தக் கூடாது. பிதுக்கினால் சீழில் பாதி வெளியே வரும், மீதி ஆழத்துக்குப் போகும். மூக்கு, மேலுதடு பக்கத்துக் கட்டியைப் பிதுக்குவது இன்னும் மோசம். அங்கிருந்து ரத்தநாளம் வழியாகக் கிருமி தலைக்குள் ஏற வழி இருக்கிறது.

கட்டி பழுத்துத் தளதளவென்று ஆகிவிட்டால் அதற்கு வைத்தியம் கீறி எடுப்பதுதான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சீழ் நிறைந்த குழிக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மாத்திரை ரத்தத்தோடுதான் போகும். ரத்தமே போகாத இடத்துக்கு எத்தனை 'பவர்' மாத்திரை போட்டாலும் எப்படிப் போய்ச் சேரும்? மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சின்னக் கீறல் போட்டு, சீழை வெளியேற்றிக் கட்டுப் போடுவது டாக்டருக்குச் சில நிமிஷ வேலை. சின்னக் கட்டிகள் பல அதோடு ஆறிவிடும், மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் பார்த்து முடிவு செய்வார். "கத்தி வைக்காமல் மாத்திரையிலேயே அமுக்கிடுங்க" என்று கெஞ்சுகிறவர்கள்தான் பெரும்பாலும் பத்து நாள் கழித்து இரண்டு மடங்கு பெரிய கட்டியோடு திரும்பி வருகிறார்கள்.

மெடிக்கல்ல வாங்கின மாத்திரைக்கு ஏன் கேட்கலை?

எந்த மாத்திரை என்று கேட்டால் பாதிப் பேர் வெட்டின அட்டையைக் காட்டுகிறார்கள், பெயர் இருந்த பக்கம் கடையிலேயே நின்றுபோயிருக்கும். பெயர் தெரிந்த வரையில் அடிக்கடி வருபவை மூன்று: செஃபிக்சிம், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின்.

செஃபிக்சிம் ஸ்டாஃபுக்கான மருந்தே இல்லை. எம்.ஆர்.எஸ்.ஏ. என்றில்லை, சாதாரண ஸ்டாஃபின் மேலேயே அதற்கு வேகம் குறைவு. கட்டிக்கு அதை வாங்கிப் போடுவது காசுக்கும் கேடு, குடலில் இருக்கும் நல்ல கிருமிக்கும் கேடு. சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் இரண்டுக்கும் நம் நாட்டு எம்.ஆர்.எஸ்.ஏ. பெரும்பாலும் பழகிப்போய்விட்டது.

அடுத்தது அளவு. "ரெண்டு நாளைக்குக் கொடுங்க, கேட்டா மேல வாங்கிக்கிறேன்" என்று சொல்லி நான்கு மாத்திரை வாங்குவது நம் ஊர் வழக்கம். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே இதைச் சொல்லி எச்சரித்தார்: கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற காலம் வந்தால், போதாத அளவு போட்டுக்கொண்டு கிருமியைப் பழக்கிவிடுவார்கள் என்று. அவர் காரைக்குடிக்கு வந்ததில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. செஃபிக்சிம் உள்ளிட்ட பல ஆன்டிபயாடிக்குகள் 2014 மார்ச் முதல் அட்டவணை எச்-1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. சீட்டு எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு மூன்றையும் மருந்துக்கடை தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் அட்டையின் பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்பதற்கான அடையாளம். கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. அவர் கொடுக்காவிட்டால் நாம் எதிர்க்கடைக்குப் போகிறோம். அரை நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, வரிசையில் நின்று டாக்டரைப் பார்க்க முடியாதவர்களுக்கு அந்த நான்கு மாத்திரைதான் வைத்தியம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டி கீறுவார்களா, எந்த நேரத்தில் டாக்டர் இருப்பார் என்பதை ஒருமுறை விசாரித்து வைத்துக்கொண்டாலே பாதி அலைச்சல் குறையும்.

கல்ச்சர்னா என்ன? எதுக்கு மூணு நாள்?

சீழில் இருக்கும் கிருமியை வளர்த்து, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பது. நீங்கள் கொடுத்த சீழை ஆட்டு ரத்தம் கலந்த அகார் என்ற கூழ்த் தட்டில் தீற்றி, 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைப்போம். காலையில் ஸ்டாஃப் இருந்தால் குண்டூசித் தலை அளவில், வெண்மையாகவோ பொன்மஞ்சளாகவோ, வழுவழுப்பான புள்ளிகள் இருக்கும். சுற்றிலும் ரத்தம் கரைந்து தட்டு வெளுத்திருக்கும். அது ஆரியஸ்தானா என்று உறுதிசெய்துவிட்டு, அடுத்த தட்டில் கிருமியை ஒரே சீராகப் பரப்பி, மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்போம். மறுநாள் பார்த்தால், மருந்து கேட்கும் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டின மாதிரி தெரியும். அந்த வட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளப்போம். எம்.ஆர்.எஸ்.ஏ.வைக் கண்டுபிடிக்க வைப்பது செஃபாக்சிடின் வில்லை. வட்டம் 22 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் சாதாரண ஸ்டாஃப், 21 அல்லது அதற்குக் கீழே என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ. ஒரு மில்லிமீட்டரில் ஒருவரின் வைத்தியமே மாறும் என்பதால் அளவுகோலை விளக்குப் பக்கம் பிடித்து இரண்டு முறை பார்க்காமல் எழுதுவதில்லை.

வளர ஒரு ராத்திரி, மருந்தோடு வளர ஒரு ராத்திரி, சந்தேகம் வந்தால் இன்னொன்று. கிருமியை அவசரப்படுத்த முடியாது.

சீழ் கொடுக்கிறதுக்கு முன்னாடி கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

இருக்கிறது. முதல் ஆன்டிபயாடிக் மாத்திரை வயிற்றுக்குள் போவதற்கு முன் சீழ் எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டமாட்டோம். மேலே காய்ந்து வடியும் நீரைத் துடைத்துக் கொடுத்தால் தோலில் இருக்கும் கண்ட கிருமியும் வளரும். கீறும்போது உள்ளிருந்து எடுத்த சீழ்தான் உண்மை பேசும். மூடியிட்ட சுத்தமான டப்பாவை லேபிலேயே தருவார்கள். காலி மருந்து பாட்டிலில் கொண்டுவந்த சீழ் குப்பைக்குத்தான் போகும். சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் துறை இருக்கிறது, கொஞ்சம் தள்ளி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் இருக்கிறது.

எல்லாக் கட்டிக்கும் கல்ச்சர் தேவையில்லை. பெரிய கட்டி, திரும்பத் திரும்ப வருவது, காய்ச்சலோடு வருவது, மாத்திரைக்குக் கேட்காதது, சுகர்காரர், கைக்குழந்தை என்றால் கட்டாயம் கேட்டுச் செய்யுங்கள்.

ரிசல்ட்ல எஸ், ஆர்னு இருக்கே. எஸ் போட்டதுல பெரிய வட்டம் எதுக்கோ அதை வாங்கிப் போடலாமா?

கூடாது. எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. அது சரி. ஆனால் ஒரு மருந்தின் வட்டத்தை இன்னொன்றின் வட்டத்தோடு ஒப்பிடக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் வரம்பு வேறு. பெரிய வட்டம் என்பதால் 'பவர்' கூட என்று அர்த்தமில்லை.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. கிளிண்டாமைசின் வில்லையின் வட்டம் முழுசாக, அழகாக இருக்கும். பக்கத்தில் எரித்ரோமைசின் வில்லையை வைத்தால், அந்தப் பக்கம் மட்டும் வட்டம் தட்டையாகி, ஆங்கில டி (D) எழுத்து மாதிரி ஆகிவிடும். அப்படியானால் அந்தக் கிருமி கிளிண்டாமைசினுக்கு இப்போது அடங்கினாலும் வைத்தியத்தின் நடுவில் திமிறிக்கொள்ளும் ரகம். அதை ஆர் என்றே எழுதுவோம்.

அப்ப எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு மருந்தே இல்லையா?

இருக்கிறது. ஊர்ப்புற எம்.ஆர்.எஸ்.ஏ. பலவும் விலை மலிவான பழைய மருந்துகளுக்கே இன்னும் அடங்குகின்றன: கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், கிளிண்டாமைசின். கோட்ரைமாக்சசோல் சல்ஃபா வகை, அது ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டாக்சிசைக்ளினைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை, சின்னக் குழந்தைகளுக்கும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். நோய் முற்றி ரத்தத்துக்கோ எலும்புக்கோ போய்விட்டால் வான்கோமைசின். அதை நரம்பு வழியாக மெதுவாக ஏற்ற வேண்டும், ஆஸ்பத்திரியில் படுத்தாக வேண்டும்.

லினசோலிட் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு நன்றாகவே கேட்கும், அதனாலேயே சாதாரணக் கட்டிக்கு அதை எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கும் அதுதான் கைகொடுக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கவும் செய்யும்.

கோர்ஸை முழுசா முடிக்கணுமா, நல்லானா நிறுத்திடலாமா?

எழுதிக் கொடுத்த நாள்வரை போடுங்கள். நடுவில் நன்றாகிவிட்டால் நிறுத்தலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கீறி எடுத்த கட்டிக்கு இப்போது ஐந்து முதல் ஏழு நாள்தான் கொடுக்கிறார்கள். நீட்டிக்கொண்டே போவதாலும் நன்மை இல்லை.

அப்பத்தாவுக்குச் சுகர். கருவேல முள் குத்தின இடம் ஆறவே மாட்டேங்குது.

நம் பக்கத்துக் கால் புண்களில் சீமைக்கருவேல முள்ளுக்குப் பெரிய பங்கு உண்டு. விறகு வெட்டப் போகிறவர்கள், கரிமூட்டம் போடுகிறவர்கள், நூறு நாள் வேலைக்கு வரத்துக்கால் வெட்டப் போகிறவர்கள் எல்லோருக்கும் குத்துகிறது. முள் தைத்த துளை மேலே மூடிக்கொள்ளும், ஒடிந்த நுனி உள்ளேயே இருக்கும், அதைச் சுற்றிச் சீழ் வைக்கும். அந்த நுனியை எடுக்காதவரை எந்த ஆன்டிபயாடிக்கும் பலிக்காது. மேலே ஆறி, வாரக்கணக்கில் உள்ளே வலிக்கும் முள் குத்து என்றால் அறுவைசிகிச்சை டாக்டரிடம் காட்டுங்கள்.

சுகர் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். அப்பத்தா முள் குத்தினதையே மூன்றாம் நாள் வீக்கத்தைப் பார்த்துத்தான் கவனித்திருப்பார். ராத்திரி படுக்கும் முன் வீட்டில் ஒருவர் அவர் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கோயிலுக்குள் செருப்பில்லாமல் நடந்துவிட்டு வந்தால் அன்றைக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் பணியாளரிடம் காலையும் காட்டுங்கள். "மாத்திரையை வாங்கினோமா, அனுப்பினோமா" என்று திண்ணையோடு முடித்துவிடாதீர்கள்.

பழனிப் பாதயாத்திரையில வர்ற கொப்புளத்தை உடைக்கலாமா?

தைப்பூசத்துக்கு நடந்து போய்த் திரும்புகிறவர்களின் பாதங்களை மாசி வரைக்கும் லேபில் பார்க்கிறோம். உடையாத கொப்புளத்தின் தோல்தான் அதற்கு நல்ல கட்டு, விட்டுவிடுங்கள். தானாக உடைந்தால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, தோலைக் கிழிக்காமல் சுத்தமான துணி கட்டி நடங்கள். தங்கல் மடத்தில் ஒரே ஊசியை ஆளாளுக்கு வாங்கிக் கொப்புளம் உடைப்பதும், ஒரே துண்டில் கால் துடைப்பதும்தான் கிருமியைக் கூட்டத்துக்கே பங்கு வைக்கின்றன. சுகர் உள்ளவர்கள் காலுறையும் பழகின செருப்பும் போட்டு நடப்பதை முருகன் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வீட்ல ஒருத்தருக்கு வந்தா மாத்தி மாத்தி எல்லாருக்கும் வருதே?

ஸ்டாஃப் காற்றில் பறந்து வருவது அபூர்வம். கை, துண்டு, சோப்பு, சவரக்கத்தி, தலையணை உறை வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. துணியில் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். கட்டி உள்ளவருக்குத் தனித் துண்டு, தனி சோப்பு. புண்ணை எப்போதும் மூடி வைக்க வேண்டும். கட்டு மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பழைய கட்டைப் பையில் கட்டி எறிய வேண்டும். துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். வளவு என்கிற உள்முற்றம் வைத்த வீட்டுக்காரர்களுக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை.

பள்ளி விடுதியிலும் கபடிக் குழுவிலும் இதே கதைதான். 2003இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கப் பாணிக் கால்பந்துக் குழுவில், விழுந்து தோல் உரிந்த இடங்களில் ஐந்து வீரர்களுக்கு எட்டு முறை எம்.ஆர்.எஸ்.ஏ. வந்தது. துண்டைப் பகிர்ந்துகொண்டதும் ஒரு வழக்கமாக அங்கே இருந்திருக்கிறது. செம்மண் களத்தில் முட்டியும் முழங்கையும் உரிந்து, மேலோடு மேல் உரசி ஆடும் நம் கபடிப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. புண்ணை மூடாமல் களத்தில் இறங்க விடாதீர்கள்.

மூக்கில் தடவும் முபிரோசின் களிம்பு ஒன்று உண்டு. தினம் இருவேளை, ஐந்து நாள். ஒரே குடும்பத்தில் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் டாக்டர் எழுதுவார். சும்மா சும்மா தடவினால் அதற்கும் கிருமி பழகிவிடும்.

சொறி, படை, புண் எல்லாத்துக்கும் ஒரே களிம்பு மெடிக்கல்ல தர்றாங்களே, அது நல்லதா?

அந்தக் கூட்டுக் களிம்பில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் இருக்கும். முதல் இரண்டு நாள் அரிப்பு அடங்கும், அதனால் நல்ல மருந்து என்று பெயர் வாங்கிவிடும். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைக் குறைக்க, படை பரவும், மேலே சீழ் வைக்கும். ஸ்டீராய்டுக் களிம்புகளை 2018இலேயே சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வேண்டாம்.

பையனுக்குத் தொடையில வலி. சுளுக்குன்னு எடுத்தோம், குறையலை. காய்ச்சலும் இருக்கு.

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெப்ப நாடுகளில் ஸ்டாஃப் தசைக்குள்ளேயே சீழ் வைப்பது உண்டு, பெரும்பாலும் தொடையில், இடுப்பில். மேலே சிவப்பு தெரியாது, தொட்டால் கட்டை மாதிரி இருக்கும். விளையாடி விழுந்திருப்பான், அதனால் சுளுக்கு என்றே எல்லோரும் நினைப்பார்கள். எண்ணெய் போட்டு உருவ உருவ நிலைமை மோசமாகும். ஸ்கேன் எடுத்தால் சீழ் தெரிந்துவிடும். எலும்பிலும் மூட்டிலும் வைக்கும் சீழும் இப்படித்தான் ஆரம்பிக்கும். காய்ச்சலோடு குழந்தை நொண்டினால் சுளுக்கு எடுக்கக் கூடாது.

வேற எதுக்கெல்லாம் உடனே ஓடணும்?

சிவப்பு மணிக்கு மணி பரவுவது, புண்ணைவிட வலி பல மடங்கு இருப்பது, தோல் கருத்துக் கொப்புளிப்பது, குளிர்க் காய்ச்சல், மூச்சு வாங்குவது, குழம்பிப் பேசுவது, மூக்கைச் சுற்றியோ கண்ணைச் சுற்றியோ வீங்குவது, பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கு எந்தச் சீழ்க்கொப்புளம் வந்தாலும். 108ஐக் கூப்பிடுங்கள்.

பால் கொடுக்கிற பொண்ணுக்கு மார்பில் கட்டி. பால் கொடுக்கிறதை நிறுத்தணுமா?

பால்கட்டில் சீழ் வைப்பதற்கும் பெரும்பாலும் காரணம் ஸ்டாஃப்தான். பாலை நிறுத்தினால் தேங்கி இன்னும் கெட்டுப்போகும். அடுத்த மார்பில் தாராளமாகக் கொடுக்கலாம். கட்டி உள்ள பக்கமும் கீறல் காம்பை விட்டுத் தள்ளியிருந்தால் பெரும்பாலும் கொடுக்கலாம், இல்லையென்றால் பீய்ச்சி எடுக்க வேண்டும். சீழை இப்போது பல இடங்களில் ஸ்கேன் பார்த்து ஊசியாலேயே உறிஞ்சி எடுக்கிறார்கள். தாய்க்குத் தருகிற மருந்து குழந்தைக்கு ஒத்துவருமா என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டுக்கு மடிநோய். அதுலேருந்தும் வருமா?

மாட்டு மடிநோய்க்கும் இந்த ஸ்டாஃப் முக்கியமான காரணம். கறக்கிறவர் கையோடு ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குப் போகும். மனுசர் கையில் புண் இருந்தால் இரண்டு பக்கமும் பரிமாற்றம் நடக்கும். 2000களில் நெதர்லாந்துப் பன்றிப் பண்ணைகளில் கால்நடைக்கே உரிய எம்.ஆர்.எஸ்.ஏ. ரகம் ஒன்று பண்ணைக்காரர்களிடமும் தெரியவந்தது. நோய் மாட்டைக் கடைசியில் கறங்கள், கறந்ததும் கையைக் கழுவுங்கள். ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், கால்நடை டாக்டர் சொன்ன நாள்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. ஆரம்ப நிலைக்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள்தூள், சுண்ணாம்பு சேர்த்து அரைத்து மடியில் பூசும் மரபு வைத்தியத்தைத் தேசிய பால்வள வாரியமே பரிந்துரைக்கிறது. மனுசத் தோலுக்கு நான் வேண்டாம் என்றது மஞ்சள் சுண்ணாம்புப் பத்தை, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஊருணியில குளிச்சா வருமா?

தண்ணீரைவிடக் கரையில் மாற்றிக்கொள்ளும் துண்டும் சோப்பும்தான் ஆபத்து. திறந்த புண்ணோடு மட்டும் இறங்காதீர்கள்.

கல்யாணச் சாப்பாட்டுல விஷமானதுக்கும் இதுதான் காரணம்னாங்களே?

அது ஸ்டாஃப் செய்யும் வேறொரு வேலை. கையில் சீழ்ப்புண் உள்ளவர் தொட்ட பண்டம் வெக்கையில் மணிக்கணக்கில் இருந்தால், கிருமி பெருகி நஞ்சைச் சுரந்து வைக்கும். திரும்பக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் குடலைப் பிடுங்கும் வாந்தி வரும். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், பெரும்பாலும் ஒரு நாளில் தீரும். ஆன்டிபயாடிக்குக்கு இதில் வேலையே இல்லை. விரலில் கட்டுப் போட்ட சமையல்காரரைப் பந்திப் பக்கம் விடாமல் இருப்பது ஆச்சிமார் பொறுப்பு.

இதுக்குத் தடுப்பூசி இருக்கா?

இல்லை. முயன்றவை இதுவரை தேறவில்லை. டிடி ஊசி ரணஜன்னிக்கு, ஸ்டாஃபுக்கு இல்லை.

கட்டி ஆறிடுச்சு. மிச்ச மாத்திரையையும் ரிப்போர்ட்டையும் என்ன செய்ய?

மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், அடுத்த கட்டிக்கென்று அஞ்சறைப்பெட்டியில் ஒளித்தும் வைக்காதீர்கள், கிணற்றிலும் கழனித்தண்ணியிலும் போடாதீர்கள். அட்டையிலிருந்து பிரித்து, சாம்பலோ காப்பித்தூள் சக்கையோ கலந்து, மூடிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆபரேஷனுக்கோ பிரசவத்துக்கோ ஆஸ்பத்திரியில் சேரும்போது "எனக்கு முன்னாடி எம்.ஆர்.எஸ்.ஏ. வந்திருக்கு" என்று சொல்லி அதைக் காட்டுங்கள். கத்தி வைப்பதற்கு முன் கொடுக்கும் ஊசியை அதைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.